கடை வாசலில் என்னிடம் கேட்கப்படாத ரசீது: வெள்ளையரின் தனிச்சலுகையை அன்றாடத்தில் எப்படி அறிவது?

தென்பெண்ணை (நியூ ஜெர்சி)

அனைவருக்கும் வணக்கம். நான் பத்தொன்பது ஆண்டுகளாக நியூ ஜெர்சியில் வசித்து வருகிறேன். மூன்று வாரங்களுக்கு முன் நடந்த ஒன்றை இங்கே எழுதி, உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

எங்கள் குழுவில் ஒருவர் பணி ஓய்வு பெற்றார். அவருக்கான விருந்துக்குப் பொருள் வாங்க, அலுவலகத்துக்கு அருகில் உள்ள பெரிய கடை ஒன்றுக்கு மூவர் சென்றோம். ஒருவர் வெள்ளையர், ஒருவர் கறுப்பினத்தவர், மூன்றாமவன் நான். வாங்கியவற்றை மூன்று தள்ளுவண்டிகளில் பிரித்து வைத்துத் தனித்தனியே பணம் செலுத்திவிட்டு, ஒருவர் பின் ஒருவராக வாசலுக்கு வந்தோம். வெள்ளை நண்பரின் வண்டியில், பையில் அடங்காத மடக்கு நாற்காலிகளும் ஒரு குளிர்பெட்டியும் இருந்தன. வாசலில் நின்ற காவலர் அவருக்குத் தலையசைத்து வழிவிட்டார். எனக்கும் அப்படியே வழிவிட்டார். எங்களுக்குப் பின்னால் வந்த கறுப்பின நண்பரை மட்டும் நிறுத்தி, ரசீதைக் கேட்டு வாங்கி, வண்டியிலிருந்த ஒவ்வொரு பொருளையும் அதனோடு ஒப்பிட்டுப் பார்த்தார். அந்த வண்டியில் இருந்தவை காகிதத் தட்டுகளும் பழச்சாறும்தாம்.

காவலர் கேட்பதற்கு முன்பே நண்பர் ரசீதைக் கையில் எடுத்து வைத்திருந்தார் என்பதைக் கவனித்தேன். காரில் திரும்பும்போது அதைப் பற்றிக் கேட்டேன். பத்து வயதில் தம் தாயார் கற்றுக்கொடுத்தது என்றார். கடைக்குள் சட்டைப் பையிலோ கால்சட்டைப் பையிலோ கை வைக்கக் கூடாது. வாங்காத பொருளைத் தொட்டுப் பார்க்கக் கூடாது. ஒரு மிட்டாய் வாங்கினாலும் பையில் போட்டுத் தரச் சொல்ல வேண்டும். வீடு வந்து சேரும்வரை ரசீதைத் தொலைக்கக் கூடாது. அவருக்கு இப்போது ஐம்பது வயது கடந்துவிட்டது. இதைக் கேட்டுக்கொண்டே வண்டி ஓட்டி வந்த வெள்ளை நண்பர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "நான் ரசீதைப் பணம் செலுத்திய இடத்திலேயே குப்பையில் போட்டுவிட்டு வந்தேன்" என்றார்.

அந்த ஒரு வாக்கியம் என்னை விட்டு அகலவில்லை. அதைவிட அதிகமாக உறுத்துவது என் செயல். நண்பர் நிறுத்தப்பட்டதை நான் திரும்பிப் பார்த்தேன். பார்த்துவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு கார் நிறுத்துமிடத்துக்குப் போய்விட்டேன். என்னிடமும் அன்று யாரும் எதையும் கேட்கவில்லை. தோலின் நிறத்தால் ஒருவர் கேள்வி கேட்கப்படாமலே போகும் இந்தத் தனிச்சலுகையை நாம் எப்படி அடையாளம் காண்பது, அந்த நொடியில் என்ன செய்வது என்ற இரண்டையும் இங்கே பேச வேண்டுகிறேன்.

ஒஹாயோ வாசி

தென்பெண்ணை அவர்களே, அந்தக் காவலர் செய்தது நிறவெறிதான். அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் இதை வைத்து "வெள்ளையரின் தனிச்சலுகை" என்று பொதுமைப்படுத்துவதில் எனக்கு உடன்பாடு இல்லை.

நான் வசிப்பது தென்கிழக்கு ஒஹாயோவில். இங்கே நிலக்கரிச் சுரங்கங்கள் மூடப்பட்ட பிறகு இளைஞர்களுக்கு வேலை இல்லை. ஓபியாய்டு வலி மாத்திரைகள் இப்பகுதியின் எத்தனையோ குடும்பங்களை அழித்துவிட்டன. என் அடுத்த வீட்டுக்காரர் வெள்ளையர். மகனை அந்த மாத்திரைகளுக்குப் பறிகொடுத்தவர். அறுபது வயதைக் கடந்தும் இரண்டு இடங்களில் வேலை பார்க்கிறார். பல் வலிக்கு மருத்துவரிடம் போகப் பணமில்லாமல் தாமே பல்லைப் பிடுங்கிக்கொண்டதாக ஒருநாள் சொன்னார். பொறியாளனாகிய நான் அவரைப் போலப் பல மடங்கு சம்பாதிக்கிறேன். அவரிடம் போய், "உங்களுக்குத் தனிச்சலுகை உண்டு" என்று எந்த முகத்தோடு சொல்வது? அப்படிச் சொன்னால் அவர் மனம் கசந்து, நிறவெறியர்கள் விரிக்கும் வலையில்தான் போய் விழுவார். வறுமையைப் பற்றிப் பேசுவோம். தோலின் நிறத்தைக் கொண்டு மனிதர்களை வகுக்க வேண்டாம் என்பதே என் வேண்டுகோள்.

வைகைக்கரையாள் (சிகாகோ)

ஒஹாயோ வாசி அவர்கள் கேட்டிருப்பது நியாயமான கேள்வி. அதைத் தட்டிக்கழிக்காமல் விடை சொல்ல முயல்கிறேன்.

2001ஆம் ஆண்டில் டேவா பேஜர் என்ற சமூகவியலாளர் மில்வாக்கி நகரில் ஓர் ஆய்வு நடத்தினார். தோற்றத்திலும் பேச்சிலும் கல்வியிலும் ஒத்த இளைஞர்களைத் தேர்ந்தெடுத்து, ஒரே வகையான கீழ்நிலை வேலைகளுக்கு விண்ணப்பிக்க அனுப்பினார். அவர்களுள் சிலர் போதைப்பொருள் குற்றத்துக்காகச் சிறை சென்று வந்ததாகச் சொல்ல வேண்டும். மற்றவர்கள் குற்றப் பின்னணி எதுவும் இல்லை என்று சொல்ல வேண்டும். குற்றப் பின்னணி இல்லாத வெள்ளையரை 34 விழுக்காடு இடங்களில் திரும்ப அழைத்தார்கள். குற்றப் பின்னணி உள்ள கறுப்பினத்தவரை 5 விழுக்காடு இடங்களில் மட்டுமே அழைத்தார்கள். நாம் நின்று பார்க்க வேண்டியவை நடுவிலுள்ள இரண்டு எண்கள். சிறை சென்று வந்ததாகச் சொன்ன வெள்ளையருக்கு 17 விழுக்காடு. எந்தக் குற்றமும் செய்யாத கறுப்பினத்தவருக்கு 14 விழுக்காடு. இவை வழக்கறிஞர் வேலைகளோ பொறியாளர் வேலைகளோ அல்ல. உங்கள் அடுத்த வீட்டுக்காரரும் அவரைப் போன்ற ஏழைகளும் தேடிச் செல்லும் வேலைகள்தாம். ஏழ்மைக்குள்ளேயே தோலின் நிறம் என்ன செய்கிறது என்பதைத்தான் அந்த ஆய்வு காட்டியது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வீட்டுக் கடன் துறையில் வேலை செய்வதால் இது எனக்கு அன்றாடம் கண்ணில் படுகிறது. 1933இல் தொடங்கப்பட்ட வீட்டு உரிமையாளர் கடன் நிறுவனம் என்ற அரசு அமைப்பு, அடுத்த சில ஆண்டுகளில் இருநூறுக்கும் மேற்பட்ட நகரங்களுக்கு வரைபடங்கள் தயாரித்தது. கடன் தர மிகவும் ஏற்றது பச்சை, அடுத்து நீலம், மஞ்சள், மிக ஆபத்தானது சிவப்பு என்று பகுதிகளைத் தரம் பிரித்தார்கள். கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதிகள் ஏறத்தாழ எல்லாமே சிவப்பில் அடங்கின. 1934இல் வந்த கூட்டாட்சி வீட்டுவசதி நிர்வாகம், வங்கிகள் தரும் கடனுக்கு அரசு காப்புறுதி அளித்தது. குறைந்த முன்பணத்தில், நீண்ட தவணையில் சாதாரணத் தொழிலாளியும் வீடு வாங்க முடிந்தது அதனால்தான். ஆனால் கறுப்பின மக்கள் வாழும் பகுதிக்கு அந்தக் காப்புறுதி கிடைக்காது. வெள்ளையர் பகுதியில் அவர்களுக்கு வீடு விற்பதைப் பத்திரத்திலேயே தடை செய்யுமாறு அந்நிர்வாகத்தின் கையேடே பரிந்துரைத்தது. இரண்டாம் உலகப் போரிலிருந்து திரும்பிய வீரர்களுக்கான 1944ஆம் ஆண்டுச் சட்டமும் இதே வழியில்தான் நடைமுறைக்கு வந்தது. 1947இல் மிசிசிப்பி மாநிலத்தில் அச்சட்டத்தின்கீழ் உறுதியளிக்கப்பட்ட 3,229 கடன்களில், கறுப்பின வீரர்களுக்குக் கிடைத்தவை இரண்டே இரண்டு.

வீட்டு விற்பனையில் பாகுபாட்டைத் தடை செய்யும் சட்டம் 1968 ஏப்ரலில், மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட ஒரே வாரத்தில் கையெழுத்தானது. அதற்குள் ஒரு தலைமுறை முழுவதும் வீடு வாங்கி முடித்திருந்தது. அந்த வீட்டின் மதிப்பு உயர்ந்தது. அதை அடமானம் வைத்துப் பிள்ளையைப் படிக்க வைத்தார்கள். பெற்றோர் மறைந்தபின் வீடு பிள்ளைக்கு வந்தது. கூட்டாட்சி ரிசர்வ் வங்கியின் 2022ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் வெள்ளையர் குடும்பச் சொத்தின் இடைநிலை மதிப்பு 2,85,000 டாலர். கறுப்பினக் குடும்பத்துக்கு ஏறத்தாழ 45,000 டாலர். கடன் விண்ணப்பத்தில் "முன்பணம் எங்கிருந்து வருகிறது" என்று ஒரு கேள்வி உண்டு. "பெற்றோர் கொடுத்தது" என்ற விடையை நான் காணும்போதெல்லாம் அந்த வரைபடத்தின் நிறங்கள்தாம் நினைவுக்கு வருகின்றன.

பேரளம் ஆசிரியர்

இந்த இழையை நான் ஊரிலிருந்து படித்து வருகிறேன். அமெரிக்காவைப் பார்த்ததில்லை. தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால், சொல்லைப் பற்றி மட்டும் ஒன்று கூற அனுமதியுங்கள்.

"சலுகை" என்ற சொல்தான் இங்கே பாதிச் சிக்கலை உண்டாக்குகிறது என்று கருதுகிறேன். மாணவர்களுக்குப் பேருந்துக் கட்டணச் சலுகை, முதியோருக்கு வரிச் சலுகை என்று, ஒருவர் கொடுக்க மற்றவர் கைநீட்டிப் பெறுவதையே அச்சொல்லால் குறிக்கிறோம். இட ஒதுக்கீட்டைச் "சலுகை" என்று இழித்துப் பேசுபவர்களிடம், "அது சலுகை அன்று, உரிமை" என்று எத்தனை மேடைகளில் திருத்தியிருக்கிறோம்! அதே சொல்லை ஓர் ஏழை வெள்ளையரிடம் சொன்னால், "எனக்கு யாரும் எதையும் கொடுக்கவில்லையே" என்றுதான் அவர் விடை சொல்வார். அவர் சொல்வது பொய்யும் அன்று. தென்பெண்ணை அவர்களின் நிகழ்ச்சியில் வெள்ளை நண்பருக்கு யாரும் எதையும் கொடுக்கவில்லை. அவரிடம் ஒன்றைக் கேட்கவில்லை, அவ்வளவே. ஆகவே இதைக் "கேட்பாரின்றி நடக்கும் நிலை" என்று சொல்லலாமா என்று எண்ணிப் பார்க்கிறேன். நீளமாக இருக்கிறதுதான், சுருக்கமான சொல் கிடைத்தால் நண்பர்கள் தெரிவியுங்கள்.

இதை எழுதும்போது என் இளமைக்காலம் நினைவுக்கு வருகிறது. எங்கள் ஊர்த் தெருவில் செருப்பணிந்து நடந்தவன் நான். சேரியிலிருந்து வருபவர்கள் தெருமுனையில் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு நடப்பார்கள். அதை நான் தினமும் கண்டேன். கண்டும், என் காலில் செருப்பு இருப்பதை ஒரு செய்தியாக நான் ஒருநாளும் நினைத்ததில்லை. கல்லூரியில் என்னுடன் படித்த, அந்தச் சேரியைச் சேர்ந்த நண்பர் ஒருவர் சொல்லித்தான் நான் குனிந்து என் காலைப் பார்த்தேன். காரோட்டிய அந்த வெள்ளை நண்பரின் மௌனம் எனக்குப் புரிகிறது.

குழலி (மிச்சிகன்)

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம். உங்கள் பதிவைப் படித்துவிட்டு வெகுநேரம் அப்படியே இருந்தேன். நான் மருத்துவமனைச் செவிலியர். யாரும் யாரையும் நிறுத்திக் கேள்வி கேட்காத இடத்திலும் இது நடக்கிறது என்பதைச் சொல்லவே எழுதுகிறேன்.

விரல் நுனியில் மாட்டி இரத்தத்தின் ஆக்சிஜன் அளவைப் பார்க்கும் பல்ஸ் ஆக்சிமீட்டர் கருவியைக் கோவிட் காலத்தில் எல்லோரும் கண்டிருப்பீர்கள். அது தோலின் வழியாக ஒளியைச் செலுத்தி அளவிடுகிறது. தோலில் நிறமி மிகுந்திருந்தால் அளவு பிசகும். 2020 டிசம்பரில் மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவர்கள் வெளியிட்ட கட்டுரை இதை எண்களால் காட்டியது. கருவி 92 முதல் 96 வரை காட்டிய நேரங்களில், தமனி இரத்தத்தை எடுத்துச் சோதித்தபோது உண்மை அளவு 88க்கும் கீழே இருந்தது வெள்ளையரிடம் 3.6 விழுக்காடு அளவீடுகளில், கறுப்பின நோயாளிகளிடம் 11.7 விழுக்காடு அளவீடுகளில். மூச்சு முட்டுகிறது என்று அவர் சொல்கிறார். 94 இருக்கிறது, அஞ்ச வேண்டாம் என்று நாங்கள் சொல்கிறோம். அப்படி எத்தனை பேரிடம் நானே சொல்லியிருக்கிறேன் என்று எண்ணும்போது இன்றும் கலக்கமாக இருக்கிறது. எங்களில் யாரும் அவர்களை வெறுக்கவில்லை. எந்தத் தோலை இயல்பு என்று வைத்துக்கொண்டு கருவியைச் சரிபார்த்தார்கள் என்பதுதான் கேள்வி.

சிறுநீரகம் எந்த அளவுக்கு வேலை செய்கிறது என்பதைக் கணக்கிடும் சூத்திரத்திலும் "கறுப்பினத்தவர்" என்றால் விடையை உயர்த்திக் காட்டும் ஒரு பெருக்கெண் பல ஆண்டுகள் இருந்தது. நோய் முற்றியவரையும் சற்று நலமாக இருப்பவராக அது காட்டியதால், மாற்றுச் சிறுநீரகத்துக்கான வரிசையில் அவர்கள் தாமதமாகவே சேர்ந்தார்கள். 2021இல்தான் அதை நீக்கும்படி சிறுநீரக மருத்துவ அமைப்புகள் பரிந்துரைத்தன. இழந்த காத்திருப்புக் காலத்தைத் திருப்பிக் கணக்கிடும் ஏற்பாடு 2023இல் வந்தது. அதற்குள் இறந்தவர்களுக்கு எந்தக் காலத்தைத் திருப்பித் தருவது?

சிறியதாகத் தோன்றும் ஒன்றையும் சேர்த்துக்கொள்கிறேன். வண்ணமெழுகுப் பெட்டியில் இளஞ்சிவப்பான ஒரு குச்சிக்குச் "சதை நிறம்" என்று கிரேயோலா நிறுவனம் பெயரிட்டிருந்தது. 1962இல்தான் அதைப் "பீச்" என்று மாற்றியது. அதுவரை இந்நாட்டுக் கறுப்பினக் குழந்தைகள் தங்கள் முகத்தை வரைய எந்தக் குச்சியைத் தேடியிருப்பார்கள்?

வல்லைவெளி (ஸ்கார்பரோ)

நான் ஈழத்திலிருந்து கனடாவுக்கு வந்தவன். கொழும்பில் இருந்த காலத்தில், சோதனைச்சாவடியில் பேருந்தை மறித்து, தமிழரை மட்டும் இறக்கி அடையாள அட்டை கேட்பார்கள். உள்ளே அமர்ந்திருக்கும் மற்றவர்கள் கடிகாரத்தைப் பார்ப்பார்கள். அந்தப் பார்வையை நான் மறக்கவில்லை.

அதனால்தான் இதை வருத்தத்தோடு எழுதுகிறேன். இங்கே ரொறன்ரோவில், குற்றம் எதுவும் இல்லாமலே தெருவில் இளைஞர்களை நிறுத்திப் பெயரும் முகவரியும் குறித்துக்கொள்ளும் வழக்கம் பொலிசாரிடம் நெடுங்காலம் இருந்தது. அதில் கறுப்பின இளைஞர்களே அளவுக்கு மிஞ்சி அகப்பட்டார்கள். 2017இல்தான் மாகாண அரசு அதற்குக் கட்டுப்பாடு விதித்தது. அந்தச் செய்தி தொலைக்காட்சியில் ஓடிக்கொண்டிருக்கும்போதே, சோதனைச்சாவடியில் இறங்கி நின்ற எங்கள் வீட்டுப் பெரியவர்கள் அந்தப் பிள்ளைகளைக் "காப்பிலி" என்ற இழிசொல்லால் குறிப்பிட்டதை நான் கேட்டிருக்கிறேன். "காப்பிலிப் பெடியளோட சேராத" என்று என் மகனிடம் சொன்ன என் சொந்தத் தமையனிடம், அந்தச் சொல்லை என் வீட்டில் சொல்ல வேண்டாம் என்று முதன்முறையாகச் சொன்ன நாளில் அவர் சாப்பாட்டை விட்டு எழுந்து போய்விட்டார். இரண்டு மாதம் கதைக்கவில்லை. பிறகு வந்தார். இப்போது என் முன்னால் அச்சொல்லைச் சொல்வதில்லை. வேறிடத்தில் என்ன சொல்கிறாரோ நான் அறியேன்.

மட்டுறுத்துநர்

கறுப்பின மக்களை இழிவுபடுத்திய ஒரு மறுமொழி நீக்கப்பட்டுள்ளது. மாற்றுக் கருத்துக்கு இங்கே இடமுண்டு. எந்த மக்களையும் இழித்துரைக்க இடமில்லை. இழை தொடரட்டும்.

ஒஹாயோ வாசி

வைகைக்கரையாள் அவர்கள் தந்த மில்வாக்கி எண்கள் என்னைச் சிந்திக்க வைத்தன, மறுக்கவில்லை. ஆனால் ஒன்றைக் கேட்கிறேன். 2001 செப்டம்பரில், இரட்டைக் கோபுரத் தாக்குதல் நடந்து நான்கு நாள்களுக்குள், அரிசோனாவில் தம் எரிபொருள் நிலையத்தின் முன் செடி நட்டுக்கொண்டிருந்த சீக்கியர் ஒருவரைச் சுட்டுக் கொன்றார்கள். 2017இல் கன்சாஸ் மாநிலத்தின் ஒலேத்தாவில், ஐதராபாத்திலிருந்து வந்த பொறியாளர் ஒருவரை, "என் நாட்டை விட்டு வெளியேறு" என்று கத்திவிட்டு ஒருவன் சுட்டுக் கொன்றான். நாமும் அடிபடுபவர்கள்தாமே? நம்மை ஏன் வெள்ளையரோடு சேர்த்து இந்தக் கூண்டில் நிறுத்த வேண்டும்?

வைகைக்கரையாள் (சிகாகோ)

நாமும் அடிபடுபவர்கள்தாம். அதை நான் ஒருபோதும் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அடி விழும் நேரத்தில் நாம் யாராகப் பார்க்கப்படுகிறோம் என்பதையும் பார்க்க வேண்டும். 2015 பிப்ரவரியில் அலபாமாவின் மேடிசன் நகரில், பேரனைப் பார்த்துக்கொள்வதற்காகக் குஜராத்திலிருந்து சில நாள்களுக்கு முன்தான் வந்திருந்த 57 வயதுப் பெரியவர் காலையில் தெருவில் நடந்துகொண்டிருந்தார். ஒல்லியான கறுப்பினத்தவர் ஒருவர் சந்தேகப்படும்படி நடமாடுகிறார் என்று அத்தெருவில் வசித்த ஒருவர் காவல்துறைக்குத் தொலைபேசியில் சொன்னார். வந்த காவலர், ஆங்கிலம் தெரியாத அந்தப் பெரியவரைத் தரையில் வீழ்த்தியதில் அவருக்கு முதுகுத்தண்டில் அடிபட்டு உடலின் ஒரு பகுதி செயலிழந்தது. அக்காவலர் மீதான வழக்கில் இரண்டு முறை நடுவர் குழு ஒருமித்த முடிவுக்கு வர முடியாமல் போக, இறுதியில் நீதிபதி அவரை விடுவித்தார். கறுப்பினத்தவர்மீது வைத்திருக்கும் அச்சம்தான் அன்று நம்மவர்மீது பாய்ந்தது. அந்த அச்சம் அப்படியே இருக்கட்டும், நாம் மட்டும் தப்பிக்கொள்வோம் என்பது நடக்காது.

தப்பிக்க முயன்றவர்களின் வரலாறும் நம்மிடம் உண்டு. 1790ஆம் ஆண்டுச் சட்டம் குடியுரிமையைச் "சுதந்திரமான வெள்ளையருக்கு" மட்டும் என்று வரையறுத்திருந்தது. முதல் உலகப் போரில் அமெரிக்கப் படையில் பணியாற்றிய பஞ்சாபியரான பகத் சிங் திந்த், தாம் வெள்ளையர் என்று நிறுவ முயன்றார். தம் வாதத்துக்குத் துணையாக ஆரியக் குருதியையும் உயர்சாதியையும் அவர் தரப்பு முன்வைத்தது. அமெரிக்கர் கறுப்பினத்தவரை எப்படிப் பார்க்கிறாரோ அப்படியே உயர்சாதி இந்து இந்தியப் பழங்குடியைப் பார்க்கிறார் என்றுகூட எழுதினார்கள். 1923இல் உச்ச நீதிமன்றம், சாதாரண மனிதர் எவரும் உங்களை வெள்ளையர் என்று கொள்ள மாட்டார் என்று தீர்ப்பளித்தது. அதன்பின், முன்னரே குடியுரிமை பெற்றிருந்த இந்தியர்கள் பலரும் அதை இழந்தார்கள்.

நமக்குக் கதவைத் திறந்தது அந்த வாதம் அன்று. நாட்டு வாரி ஒதுக்கீட்டை நீக்கிய 1965ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டம்தான் நம்மைப் பெருமளவில் இங்கே கொண்டுவந்தது. 1964இன் குடிமையுரிமைச் சட்டத்தையும் 1965இன் வாக்குரிமைச் சட்டத்தையும் நிறைவேற்ற வைத்த அதே போராட்ட அலைதான் அதையும் கரை சேர்த்தது. அலபாமாவின் பர்மிங்காமில் நிறப் பாகுபாட்டுக்கு எதிராக ஊர்வலம் போய்க் காவல்துறையின் நாயையும் நீர்ப்பீரங்கியையும் எதிர்கொண்ட பிள்ளைகள் நம்மை அறியாதவர்கள். இன்று நான் வீட்டுக் கடன் கோப்பில் கையெழுத்திடும் நாற்காலிக்கு வந்ததில் அவர்களுக்குப் பங்குண்டு. கூண்டில் நிறுத்துவது என் நோக்கம் அன்று, ஐயா. கடன் யாரிடம் பட்டிருக்கிறோம் என்பதை அறிந்துகொள்ளத்தான் இத்தனையும் எழுதினேன்.

நெல்லைக் கனி (மேரிலாந்து)

இரண்டு நாள்களாக எழுதுவதா வேண்டாமா என்று தயங்கிக்கொண்டிருந்தேன். வைகைக்கரையாள் அக்காவின் வரைபடப் பதிவைப் படித்தபின் எழுதாமல் இருக்க முடியவில்லை.

ஒன்பது ஆண்டுகளுக்கு முன் நாங்கள் வீடு தேடினோம். நம்மவர் எல்லோரையும் போல நாங்களும் முதலில் பார்த்தது பள்ளிக்கு இணையதளங்கள் கொடுக்கும் மதிப்பெண். பத்துக்கு எட்டுக்குக் கீழே இருந்தால் வீட்டைப் போய்ப் பார்க்கவே மாட்டோம். என் கணவரின் அலுவலகத்துக்கு மிக அருகில், பெரிய தோட்டத்தோடு, எங்கள் கைக்கு அடக்கமான விலையில் ஒரு வீடு இருந்தது. அக்கம்பக்கத்தில் பெரும்பாலும் கறுப்பினக் குடும்பங்கள். ஆசிரியர்கள், அரசு ஊழியர்கள், செவிலியர்கள் வாழும் தெரு என்பதைப் பின்னர்தான் அறிந்தேன். எங்களுக்கு முன்பே இங்கு வந்த தமிழ் நண்பர்கள் எல்லோரும் ஒரே குரலில், "அந்த ஏரியா வேண்டாம்" என்றார்கள். ஏன் என்று நானும் கேட்கவில்லை. யாரும் சொல்லவும் இல்லை. எங்கள் எல்லோருக்கும் காரணம் தெரிந்திருந்தது, அதை யாரும் வாய்விட்டுச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

வாங்குபவரின் இனத்தைப் பார்த்து இன்ன பகுதிக்குப் போங்கள் என்று வீட்டுத் தரகர் சொல்வது 1968ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு முரணானது. ஆகவே எங்கள் தரகர் ஒன்றும் சொல்லவில்லை. பள்ளி மதிப்பெண்ணைக் காட்டினார். இங்கே பள்ளிக்கான பணத்தில் கணிசமான பகுதி அவ்வூர் வீட்டு வரியிலிருந்து வருகிறது. 1974இல் டெட்ராய்ட் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில், நகரத்தின் பிள்ளைகளையும் சுற்றியுள்ள வெள்ளையர் புறநகர்ப் பிள்ளைகளையும் பள்ளி மாவட்ட எல்லை கடந்து ஒரே பள்ளியில் சேர்க்கும் ஏற்பாட்டைத் தடுத்துவிட்டது. அதன்பிறகு எல்லைக் கோட்டுக்கு எந்தப் பக்கம் வீடு வாங்குகிறோம் என்பதே பிள்ளையின் பள்ளியைத் தீர்மானிக்கிறது. அந்தக் கோட்டை வரைந்தவள் நான் இல்லை. ஆனால் அதற்கு அந்தப் பக்கம் வீடு வாங்க எண்பதாயிரம் டாலர் கூடுதலாகக் கொடுத்தவள் நான்.

வீட்டை விற்றுவிட்டு வந்துவிட்டேன் என்று எழுத எனக்கும் ஆசைதான். இல்லை, அதே வீட்டில்தான் இருக்கிறோம். நான் செய்வது ஒன்றே ஒன்று. புதிதாக வரும் குடும்பங்கள் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் வீடு பற்றிக் கேட்கும்போது, யாராவது "அந்த ஏரியா வேண்டாம்" என்று எழுதினால், "அங்கே போய்ப் பார்த்தீர்களா, என்ன பார்த்தீர்கள்?" என்று குழுவிலேயே கேட்கிறேன். பெரும்பாலும் விடை வருவதில்லை. ஒருமுறை ஒரு தம்பி, "அக்கா, நீங்கள் மட்டும் ஏன் அங்கே வாங்கவில்லை?" என்று கேட்டார். பயந்தோம், அதனால்தான் என்று எழுதினேன். அந்தக் குடும்பம் நாங்கள் வேண்டாம் என்று விட்ட தெருவில் வாங்கியது. இப்போது அவர்கள் வீட்டுக் கொலுவுக்குப் போகும்போதெல்லாம் அந்தத் தோட்ட வீட்டைக் கடந்துதான் போகிறேன்.

மருதன் (பிலடெல்பியா)

அந்த நொடியில் என்ன செய்வது என்ற தென்பெண்ணையின் கேள்விக்கு எங்கள் ஊரில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். 2018 ஏப்ரல் 12 அன்று இங்குள்ள ஒரு ஸ்டார்பக்ஸ் கடையில், நண்பருக்காகக் காத்திருந்த இரண்டு கறுப்பின இளைஞர்களை, எதையும் வாங்காமல் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதற்காகக் காவல்துறையை அழைத்துக் கைது செய்ய வைத்தார்கள். அதே கடையில் எதுவும் வாங்காமல் அமர்ந்திருப்பது வெள்ளையருக்கு வழக்கமான ஒன்று. அங்கிருந்த வெள்ளைப் பெண் ஒருவர், இது எங்களுக்கு ஏன் நேர்வதே இல்லை என்ற கேள்வியோடு அந்தக் காணொளியை இணையத்தில் வெளியிட்டார். அவர்கள் காத்திருந்த நண்பரும் வந்து, இவர்கள் செய்த குற்றம் என்ன என்று காவலர்களிடம் உரக்கக் கேட்டார், அவரும் வெள்ளையர். மே 29 அன்று நாடு முழுவதும் எட்டாயிரம் கடைகளை ஒரு பிற்பகல் மூடிப் பணியாளர்களுக்குப் பயிற்சி அளித்தார்கள். அந்த இளைஞர்கள் நகர நிர்வாகத்திடம் தமக்கென ஆளுக்கு ஒரு டாலரைப் பெற்றுக்கொண்டு, இளம் தொழில்முனைவோருக்காக இரண்டு இலட்சம் டாலர் நிதியை உருவாக்கச் செய்தார்கள். ஆகவே நின்று, பார்த்து, உரக்கக் கேட்பது பயனற்றதன்று.

ஒஹாயோ வாசி

அடுத்த வீட்டுக்காரரிடம் பேசினேன். இந்த இழையைப் பற்றிச் சொல்லவில்லை. பேச்சு அவ்வழியில் போயிற்று. சென்ற ஆண்டு பின்விளக்கு எரியாத வண்டியில் போனபோது இரவில் காவலர் நிறுத்தியதாகவும், காப்பீடு காலாவதியாகி இருந்தும் எச்சரித்து அனுப்பிவிட்டதாகவும் சொன்னார். பிறகு அவராகவே, "கறுப்பினத்தவராக இருந்திருந்தால் அப்படி விட்டிருக்க மாட்டார்கள்" என்றார். நான் அந்தச் சொல்லைச் சொல்லத் தயங்கினேன். அவருக்குப் பொருள் தெரிந்தே இருந்திருக்கிறது.

என் கவலை முழுவதும் நீங்கிவிடவில்லை. ஏழை வெள்ளையரைக் கைவிட்டுவிட்டு இதைப் பேசக் கூடாது என்றே இன்னும் கருதுகிறேன். வைகைக்கரையாள் அவர்களின் சிகாகோவில் 1969இல் நடந்ததைத்தான் இதற்கு முன்மாதிரியாகக் காண்கிறேன். கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடிய கறுஞ்சிறுத்தைகள் இயக்கத்தின் பிரெட் ஹாம்ப்டன், அப்பலாச்சிய மலைப்பகுதியிலிருந்து பிழைக்க வந்த ஏழை வெள்ளையரின் இளம் தேசபக்தர்கள் அமைப்போடும், புவர்ட்டோ ரிக்கோ இளைஞர்களோடும் கைகோத்தார். அந்த வெள்ளை இளைஞர்கள் அடிமை முறையைக் காக்கப் போரிட்ட தென்மாநிலங்களின் கொடியைச் சட்டையில் தைத்துக்கொண்டு வந்தவர்கள். அவர்களைத் திருப்பி அனுப்பாமல் அமர்த்திப் பேசினார்கள். அதே ஆண்டு டிசம்பரில், 21 வயதில், காவலர்கள் ஹாம்ப்டனை அவர் வீட்டிலேயே சுட்டுக் கொன்றுவிட்டார்கள்.

தென்பெண்ணை (நியூ ஜெர்சி)

எழுதிய அனைவருக்கும் நன்றி. சென்ற வாரம் நாங்கள் மூவரும் அதே கடைக்கு மறுபடி போக நேர்ந்தது. வாசலில் நானும் வெள்ளை நண்பரும் நின்று, கேட்காமலே எங்கள் ரசீதுகளைக் காவலரிடம் நீட்டினோம். அவர் குழம்பிப்போய் மூவருடையதையும் பார்த்து அனுப்பினார். ஏதோ செய்துவிட்ட நிறைவோடு காரில் ஏறினேன்.

கறுப்பின நண்பர் சிரிக்கவில்லை. "இன்று நீங்கள் இருவரும் என்னோடு நின்றீர்கள், அதற்கு நன்றி. ஆனால் நான் நிற்காமல் போக வேண்டும் என்பதுதான் என் விருப்பம்" என்றார். பிறகு வேறொன்றைச் சொன்னார். எங்கள் பிரிவில் ஆள் எடுக்கும் குழுவில் நானும் ஒருவன். ஆறு ஆண்டுகளில் அக்குழு ஒரு கறுப்பினத்தவரைக்கூட நேர்காணலுக்கு அழைக்கவில்லை என்பதை அவர் கணக்கு வைத்திருந்தார், நான் வைத்திருக்கவில்லை. பாஸ்டனிலும் சிகாகோவிலும் ஏறத்தாழ ஐயாயிரம் பொய் விண்ணப்பங்களை அனுப்பி நடத்திய ஆய்வொன்று 2004இல் வெளியானது. எமிலி, கிரெக் என வெள்ளையர் வைத்துக்கொள்வது போன்ற பெயர்களுக்குப் பத்து விண்ணப்பத்துக்கு ஓர் அழைப்பு வந்தது. லக்கீஷா, ஜமால் எனக் கறுப்பினத்தவர் வைத்துக்கொள்வது போன்ற பெயர்களுக்குப் பதினைந்துக்கு ஒன்றுதான் வந்தது. என் மேசைக்கு வந்த விண்ணப்பங்களை நான் எத்தனை நொடி பார்த்தேன் என்பதை இப்போது நினைத்துப் பார்க்கிறேன்.

வியாழக்கிழமை குழுக் கூட்டம். பெயரையும் முகவரியையும் மறைத்துவிட்டு முதற்கட்டத் தேர்வு நடத்த வேண்டும் என்றும், கடந்த ஆறு ஆண்டுக் கணக்கை மேசையில் வைக்க வேண்டும் என்றும் கேட்கப் போகிறேன். எண்களைத் திரட்டி எழுதிவிட்டேன். அதைப் படித்துப் பார்த்துத் திருத்தித் தருவதாக வெள்ளை நண்பர் சொல்லியிருக்கிறார். கூட்டத்தில் முதலில் பேசுவதும் அவரே. அப்படித்தான் இருக்க வேண்டும் என்று கறுப்பின நண்பர் கேட்டுக்கொண்டார்.